வரவேற்பறையில் நிற்கும் வெள்ளி மூட்டு

வேலையில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்திருப்பீர்கள். வரவேற்பறையில் சோபாவுக்கும் மீன்தொட்டிக்கும் நடுவே, தலைக்கு மேல் ஒரு குட்டி விளக்கோடு, வெள்ளி வண்ணம் பூசிய இரும்பு உருண்டை ஒன்று நிற்கிறதே, அதுதான். முன்னும் பின்னும் குழாய் நீட்டிக்கொண்டு, கழுத்தறுந்த பானை மாதிரி இருக்கும். கீழே பித்தளைத் தகட்டில் ‘அமெரிக்க நீராவி ரயில் இன்ஜினுக்கு நம் தயாரிப்பு’ என்று பொறித்திருக்கிறார்கள். அந்தத் தகட்டில் ஒரு பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகும், புதிதாகச் சேர்பவர்களுக்கு அதன் கதையைச் சொல்வதற்கென்றே என்னை அழைத்து மாலை போடுகிறார்கள். இந்த முறை எழுதியே தரச் சொல்லிவிட்டார்கள். “சுருக்கமா, பாசிட்டிவா, கடைசில ஒரு படிப்பினையோட இருக்கட்டும் சார்” என்றார் பயிற்சி அதிகாரி. சுருக்கம் என் ஜாதகத்தில் இல்லை. மற்ற இரண்டையும் முயன்று பார்க்கிறேன்.

முதலில் என் தகுதி. வல்லம் வடகாலில் உள்ள நம் தொழிற்சாலையில் தரப் பிரிவின் தலைவனாக இருந்தேன். பாதுகாப்புத் தொப்பி போட்டால் உயரமும், கழற்றினால் வழுக்கையும் தெரியும் உருவம். என் வாழ்நாள் சாதனை, தர வாரத்தில் நடந்த வாசகப் போட்டியில் முதல் பரிசு. ‘தவறு இங்கே நுழையாது’ என்பது என் வாசகம். இன்னும் மெயின் கேட்டில் அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பரிசாக ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே வாஷர் வழியாகப் புஸ்ஸென்று ஆவி விட்டது. “தவறு இங்க நுழைஞ்சிடுச்சு போலிருக்கே” என்றாள் மனைவி. ஆவிக்கும் எனக்கும் ராசியில்லை என்று அன்றே புரிந்திருக்க வேண்டும்.

நாம் செய்வது கார் பாகங்கள். நமக்கு ஒரு வழக்கம் உண்டு. பாகத்தின் எண் தெரியும், அளவு தெரியும், எத்தனை லட்சம் என்று தெரியும். அது காரில் எங்கே போய் உட்கார்கிறது என்று மட்டும் கேட்க மாட்டோம். கேட்டால் லைன் நின்றுவிடுமோ என்று பயம். நானே பல வருஷம் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு பிராக்கெட்டைக் காட்டச் சொல்லி என் மைத்துனர் ஒருமுறை கேட்டார். நான் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் பக்கமாக விரலை ஆட்டி, “இதுக்கு உள்ளாற இருக்கு” என்றேன். அது பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் சமாச்சாரம்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு பாகத்துக்கு ஆர்டர் வந்தது. லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, ஒன்று. முதலாளியின் மகன் அங்கே படித்தபோது ரயில் பைத்தியங்கள் சிலரோடு சிநேகமாகியிருந்தார். அவர்கள் ஒரு பழைய நீராவி இன்ஜினைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டப் போகிறார்கள். அதற்கு ஒரு மூட்டு வேண்டும். “நம்ம பசங்க செய்வாங்க” என்று மகன் வாக்கு கொடுத்துவிட்டார். ஓட்டப்போகும் நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். ஒரகடம் சந்திப்பில் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பகுதி தனியாக மடங்கும், பின்பகுதி மெதுவாகத் தொடரும். இந்த இன்ஜினும் அந்த ஜாதி. நீளமான ஒரே கொதிகலன். அதன் அடியில் முன்னால் ஒரு சக்கரக் கூட்டம், பின்னால் ஒரு சக்கரக் கூட்டம். வளைவு வந்தால் முன்கூட்டம் தனியாகத் திரும்பும். ஆகவே முன்னால் நீராவி கொண்டுபோகும் குழாயும் மடங்கியாக வேண்டும். அந்த மடங்கும் இடத்தில் இருக்கும் பந்து மூட்டுதான் நாம் செய்தது.

முதலில் இந்த வகை இன்ஜின்களைக் கட்டியவர்கள் சிக்கனக்காரர்கள். நம் வீட்டு ஃபில்டர் காபி முறைதான். முதல் டிகாக்‌ஷன் பின் சிலிண்டர்களுக்கு. அங்கே வேலை செய்து களைத்து வெளியே வரும் ஆவி, அதாவது இரண்டாம் டிகாக்‌ஷன், முன் சிலிண்டர்களுக்கு. இரண்டாவதில் சத்து குறைவு என்பதால் முன் சிலிண்டர்கள் மட்டும் அண்டா மாதிரி பெரிதாக இருக்கும். இன்ஜினுக்கு இழுவை உண்டு, வேகம் இல்லை. பிற்காலத்தில் அந்த ரயில்வே தன் பட்டறையிலேயே அந்த வகை முழுவதையும் பிரித்து, நான்கு சிலிண்டரையும் ஒரே அளவாக்கி, எல்லாவற்றுக்கும் முதல் டிகாக்‌ஷனையே நேராகக் கொடுத்துத் திரும்பக் கட்டியது. கிழடு ஓட ஆரம்பித்துவிட்டது. அப்படித் திரும்பக் கட்டிய இன்ஜின்களில் ஒன்றுதான் இந்தப் பைத்தியங்களிடம் இருந்தது.

இதையெல்லாம் நான் ஏதோ கரைத்துக் குடித்தவன் போலச் சொல்கிறேன். எனக்குச் சொன்னது ஸ்டெல்லா.

ஸ்டெல்லா என் பிரிவில் சோதனைப் பொறியாளர். ஒப்பந்தத்தில் இருந்தாள், அந்த மாதம்தான் அவளை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும். பக்கத்துக் கிராமம். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம். “எங்கப்பா நெலம் நம்ம கேன்டீனுக்குக் கீழதான் சார் கீது. ரசம் மட்டும் நல்லா இருக்குதுல்ல, அதான் காரணம்” என்பாள். தம்பி படித்துக்கொண்டிருந்தான், அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் மூச்சு விடலாம் என்ற நிலை. அதைச் சொல்லிக் கெஞ்சுகிற ஆள் அவள் இல்லை. தேர்வுக்குப் போகும் பிள்ளை போல அந்த மாதம் முழுக்கத் தலையை இறுக்கப் பின்னிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

மூட்டு வார்த்து, கடைந்து, எங்களிடம் வந்தது. டிராயிங்கில் எழுதியிருந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதித்தோம். சொட்டுக்கூட இல்லை. நான் பேனாவைத் திறந்தேன்.

“சார், ஒரு நிமிஷம். இது வண்டில எங்க சார் உக்காருது?” என்றாள் ஸ்டெல்லா.

“அமெரிக்கால உக்காருதும்மா. கையெழுத்துப் போடலாமா?”

“நான் அவங்ககிட்ட ஃபோட்டோ கேட்டு வாங்கினேன் சார். பாருங்க. முன்னாடி சிலிண்டரும் பின்னாடி சிலிண்டரும் ஒரே சைஸ். ரெண்டாவது டிகாக்‌ஷன்னா முன்னாடி பெருசா இல்ல இருக்கணும்? வண்டிய மாத்திக் கட்டிட்டாங்க. ஆனா டிராயிங்ல போட்டுக்கிற பிரஷர் மாத்தறதுக்கு முன்னாடி போட்டது. வடிவம் புதுசு, குறிப்பு பழசு சார். பழைய தாளைப் பாத்து யாரோ அப்படியே எழுதிட்டாங்க.”

“அப்போ?”

“அப்போ இந்த மூட்டுல கொதிகலன் ஆவி முழுசா வரும். நாம டெஸ்ட் பண்ணது பாதிக்கும் கீழ.”

பேனாவை மூடினேன். மூடியபோது சத்தம் பெரிதாகக் கேட்டது போல ஒரு ஞாபகம்.

அன்று வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். விமான நிலையத்துக்குப் போக வேண்டிய வண்டி கேட்டில் நின்றது. அமெரிக்கர்களைக் கேட்டு எழுதியாயிற்று. அவர்கள் சனி ஞாயிறு மட்டும் பட்டறைக்கு வரும் ஆசாமிகள். பதில் திங்களுக்கு முன் வராது. வண்டி போய்விட்டால் குறித்த நாளுக்கு மூட்டு சேராது. தொழிற்சாலைத் தலைவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

“ஏனுங்க, டிராயிங் யாரு குடுத்தாங்க? கஸ்டமரா, நீங்களா?”

“கஸ்டமருங்க சார்.”

“அதுல போட்ட பிரஷர்ல பாஸா, இல்லீங்களா?”

“பாஸுங்க.”

“அப்புறம் என்னத்துக்குங்க நிக்கறீங்க? வெடிச்சா தப்பு அவங்க பேப்பர்ல. நம்ம பேப்பர் சுத்தம். இது தெரியாமயா இத்தனை வருஷம் குவாலிட்டி பாக்கறீங்க?”

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. நம் மூட்டைவிடக் கெட்டி. எத்தனையோ முறை நானே அதைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஆனால் காரில் ஒரு பிராக்கெட் உடைந்தால் கடகடவென்று சத்தம் வரும். இது ஆவி. என் வீட்டுக் குக்கர் வாஷர் போனபோது சமையலறைச் சுவரில் பருப்பு ஒட்டியிருந்த உயரம் ஞாபகம் வந்தது. பெரிய ஞானமெல்லாம் இல்லை. பருப்புதான்.

“சார், அந்தக் குழாய் பக்கத்துல யாராச்சும் நிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“அது எனக்கெப்படிங்க தெரியும்?”

“எனக்கும் தெரியல சார். அதான் பிரச்சினை. முழு பிரஷர்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடறோம். தாங்கிச்சுன்னா நானே பைக்ல பின்னாடி கட்டி ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போறேன்.”

“தாங்கலைன்னா?”

“தாங்கலைன்னா என்னைக் கட்டிக் கொண்டு போங்க.”

அவர் சிரிக்கவில்லை. “உங்க பொறுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தடுக்கவில்லை என்பதை இன்றுவரை அவர் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன்.

சோதனை மேடையில் ஆபரேட்டர் ஏகாம்பரம் இருந்தான். அவன் பம்பை அழுத்த, ஸ்டெல்லா அளவு முள்ளைப் பார்த்தாள். தண்ணீரில் செய்கிற சோதனை. உடைந்தாலும் நனைவதோடு சரி. ஆனாலும் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன் என்பதை வரலாறு பதிவு செய்யட்டும். டிராயிங் அளவு வந்தது. ஒன்றுமில்லை. அதைத் தாண்டியது. ஒன்றுமில்லை. எனக்குப் பைக் சாவி எங்கே என்ற யோசனை வந்துவிட்டது.

“சார்,” என்றான் ஏகாம்பரம், குரலை இறக்கி. “வேர்க்குது சார்.”

“ஃபேன் போடுடா.”

“எனக்கில்ல சார். இதுக்கு வேர்த்துகினு கீது.”

வந்து பார்த்தேன். உருண்டையின் அடிப்பக்கத்தில், கழுத்து சேரும் இடத்தில், கடுகு கடுகாக நீர்முத்துகள். துடைத்தால் திரும்ப வந்தன. வார்ப்பின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அளவு முள் மெல்ல இறங்கியது. ஸ்டெல்லா அளவைக் குறித்துக்கொண்டாள். தான் சொன்னது சரியாகப் போனதில் சந்தோஷப்படுகிற முகமாக அது இல்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நிராகரித்த பொருளின் மேல் அந்த இடத்திலேயே சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் போட்டவர் முதலெழுத்தையும் எழுத வேண்டும். நான் பிரஷ்ஷை எடுக்கக் கை நீட்டினேன்.

“நான்தானே சார் டெஸ்ட் போட்டேன்” என்று சொல்லி அவளே எடுத்துக்கொண்டாள். அடிப்பக்கத்தில் அழகாக ஒரு குறி. பக்கத்தில் ‘ஸ்’.

“கையெழுத்து நல்லாத்தான் கீது மேடம்,” என்றான் ஏகாம்பரம். “இன்னா, தப்பான எடத்துல போட்டுட்டீங்க. பர்மனென்ட் ஆர்டர் காப்பில போட வேண்டியது.”

காலி வண்டி திரும்பிப் போனது.

திங்களன்று பதில் வந்தது. அங்கே தலைவராக இருக்கும் பெரியவர் எழுதியிருந்தார். நீங்கள் சொன்னது சரி, அழுத்தக் குறிப்பு மாற்றிக் கட்டுவதற்கு முந்தையது, எங்கள் தவறு. அந்த மூட்டுக்கு நேர் மேலே, இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள நடைபாதையில்தான் எங்கள் ஆட்கள் நின்று எண்ணெய் விடுவார்கள்; பெரும்பாலும் நான்தான் நிற்பேன். ஓட்டும் நாளைத் தள்ளி வைத்துவிட்டோம். கண்டுபிடித்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சொன்னேன். அவள் அந்த வணக்கத்தைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது மூட்டைக் கனமாக வார்த்து, முழு அழுத்தத்தில் ஸ்டெல்லாவே சோதிக்க, அனுப்பி வைத்தோம். இத்தோடு கதையை முடித்திருந்தால் படிப்பினை, பாசிட்டிவ் எல்லாம் சரியாக வந்திருக்கும். அடுத்தது மனிதவளத் துறை.

“சார், ஸ்டெல்லா மேடத்துக்கு கன்ஃபர்மேஷன் வரலை” என்றார் அங்கிருந்த இளைஞர். நல்ல பையன். கண்ணைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். “ரிஜெக்‌ஷன் லிமிட் தாண்டிட்டாங்க.”

“எந்த ரிஜெக்‌ஷன்?”

“ஏற்றுமதிப் பிரிவுல அந்த மாசம் அவங்க பேர்ல நூறு சதவீதம் சார்.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. அந்த மாதம் அவள் பெயரில் சோதனைக்கு வந்த ஏற்றுமதிப் பொருள் ஒன்று. நிராகரித்தது ஒன்று. ஒன்றில் ஒன்று போனால் நூறு. லட்சக்கணக்கில் பாகம் செய்பவர்களுக்காகக் கட்டிய கணக்கு. அதில் ஒற்றைப் பொருள் வந்து உட்காரும் என்று யாரும் நினைக்கவில்லை. நிராகரிப்பு எப்போதும் குறி போட்டவர் பெயரில்தான் ஏறும். ‘ஸ்’ என்று எழுதியிருந்ததே.

“சரி, ரெண்டாவது மூட்டு பாஸ் ஆச்சே. அதையும் சேத்தா அம்பது.”

“அது அடுத்த மாசம் சார்.”

“வார்ப்புத் துறை பேர்ல ஏத்துங்க. துளை அவங்களோடது.”

“கேட்டேன் சார். டிராயிங் பிரஷர்ல பாஸான பீஸ், எங்களப் பொறுத்தவரை அது நல்ல பீஸுன்னு சொல்லிட்டாங்க.”

“என் பேர்ல ஏத்துய்யா! நான்தானே ஹெட்டு?”

“நீங்க பர்மனென்ட் சார். உங்களுக்கு லிமிட்டே கிடையாது. சிஸ்டம் எடுக்காது.”

இதைவிட நல்ல நகைச்சுவையை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. அந்தப் பையன் தெரியாமல் சொன்னான்.

தொழிற்சாலைத் தலைவரிடம் போனேன். “நாந்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே” என்றார். முதலாளியைப் பார்க்கச் சென்னை அலுவலகத்துக்குப் போனேன். டீ கொடுத்தார்கள், பிஸ்கட்டும் கொடுத்தார்கள். முதலாளி கதை முழுவதையும் கேட்டார். கண் கலங்கினார் என்றுகூடச் சொல்லலாம். “பிரமாதம் சார்! என்ன ஒரு சம்பவம்! இதை ஆண்டு விழால நீங்களே பேசணும். சிஸ்டத்துல நான் கை வெச்சா நாளைக்கு ஆளாளுக்கு வருவாங்க, அது வேணாம். ஆனா இந்தக் கதை நம்ம கம்பெனியோட சொத்து.”

ஆண்டு விழாவில் பேசினேன். குக்கர், பருப்பு, தூணுக்குப் பின்னால் நின்றது எல்லாம் சொன்னேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஸ்டெல்லாவின் பெயரை அழுத்திச் சொன்னேன். பின்னால் பெரிய திரையில் ‘நம் தரக் குழுவின் வெற்றி’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒப்பந்தம் அதற்கு முந்தைய வாரம் முடிந்துவிட்டது. விழாவுக்குக் கூப்பிட்டோம், புது இடத்தில் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டாள்.

வரவேற்பறையில் வைக்க ஒரு மூட்டு வேண்டும் என்றார்கள். நல்ல மூட்டு அமெரிக்கா போய்விட்டது. கையில் இருந்தது மற்றது. வெள்ளி பூசினார்கள். நிராகரித்த பொருளை வாசலில் விளக்குப் போட்டு வைத்திருக்கும் தொழிற்சாலை இந்த வட்டாரத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. மெயின் கேட்டில் என் வாசகம். உள்ளே நுழைந்ததும் அது. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் யாரோ என்னைக் கிள்ளுவது போல இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். மருந்து பாட்டில் நிரப்பும் கம்பெனியின் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

“என்ன வேலை ஸ்டெல்லா?”

“மூடி இறுக்கமா கீதான்னு பாக்கறது சார்.”

“பர்மனென்ட்டா?”

“மூடியா, நானா?” என்று கேட்டுச் சிரித்தாள். நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. “தம்பி படிப்ப நிறுத்திட்டு டெலிவரிக்குப் போறான் சார். ஒரு வருஷத்துக்குத்தான்னு சொல்றான். அத்த வுடுங்க. அந்த வண்டி ஓடுதா சார்?”

அமெரிக்கர்கள் அனுப்பிய வீடியோவை எடுத்துக் காட்டினேன். கரும்பூதம் மாதிரி அந்த இன்ஜின் வளைவில் திரும்பி வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள் புகையையும் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை. திரையை விரலால் பெரிதாக்கி, முன்பக்கம் அடியில் மடங்குகிற இடத்தையே பார்த்தாள்.

“கசியல சார்.”

“கசியாதும்மா. நீ டெஸ்ட் போட்டது.”

“வேர்த்தது இன்னும் ரிசப்ஷன்லதான் கீதா?”

“இருக்கு. வெள்ளி பூசிட்டாங்க.”

“அழகா இருக்குமே,” என்றாள். பஸ் வந்துவிட்டது.

பயிற்சி அதிகாரி கேட்ட படிப்பினை இதோ. நீங்கள் நாளைக்கு ஒரு பொருளைச் சோதிக்கும்போது, அது எங்கே போய் உட்காரும், அதன் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று கேளுங்கள். நிராகரிக்க வேண்டியிருந்தால் நிராகரியுங்கள். ஆனால் உங்களில் யாராவது நிரந்தரமாகிவிட்டால், சிவப்புப் பிரஷ்ஷை ஒப்பந்தத்தில் இருக்கும் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பிடுங்குங்கள்.

இன்னொன்று. போன முறை வந்தபோது குனிந்து பார்த்தேன். மீன்தொட்டித் தண்ணீர் தெறித்துத் தெறித்து, உருண்டையின் அடிப்பக்கத்தில் வெள்ளி உரிய ஆரம்பித்திருக்கிறது. பெருக்கல் குறியின் ஒரு கால் சிவப்பாக வெளியே வந்துவிட்டது. பெருக்குகிற அம்மா அதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம்; சீக்கிரம் மறுபடி பூசப்போகிறார்கள். அதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் அவள் எழுதிய எழுத்தின் மேல் மட்டும் வெள்ளி இன்னும் கெட்டியாக இருக்கிறது. நான் சுரண்டிப் பார்த்தேன், எனக்கு நகமில்லை. உங்களில் யாருக்காவது இருக்கிறதா?